லிப்னிட்சாவின் நிரம்பாத இதயம்

செனோன் இதயத்துக்குள் கையை விட்டுத் துழாவினார். தோள்வரை உள்ளே போன பிறகும் விரலில் ஒரு மூடிகூடத் தட்டுப்படவில்லை.

லிண்டன் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து செர்ரி தின்றுகொண்டிருந்த அவர் மனைவி லூத்சினா கேட்டாள். "எவ்வளவு இருக்கு?"

"முழங்கால் உயரம் வரும்."

"உன் முழங்காலா, கோழியோட முழங்காலா?"

கம்பி வலை வழியாகப் பார்த்தாலே தெரிந்தது. கோழியோடதுதான்.

எங்கள் லிப்னிட்சாவின் ஊர்ச் சதுக்கத்தில், தேவாலயத்துக்கு நேர் எதிரே, ஆள் உயரத்துக்கு நிற்கும் சிவப்பு இரும்பு இதயம் அது. டிராக்டர் பட்டறையில் வெல்டராக இருக்கும் செனோன் தன் கையால் வளைத்து, பற்றவைத்து, வர்ணம் அடித்து நிறுத்தியது. ஊரார் தண்ணீர் பாட்டில், பழரச பாட்டில் எதைக் குடித்தாலும் பிளாஸ்டிக் மூடியைத் திருகி எடுத்து இதன் வாயில் போடுவார்கள். நிரம்பியதும் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். மூடிகளை உருக்கி வேறு சாமானாக்கும் ஆலை கொடுப்பதைக் கொண்டு நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வாங்கித் தருவார்கள். இதுவரை ஏழு பேர் இந்த இதயத்தால் ஊர் சுற்றுகிறார்கள். எட்டாவதாகத் தபால் ஆபீஸ் கோர்னேலியா காத்திருந்தாள். அவளுடைய பழைய நாற்காலி மேட்டில் ஏறும்போது போடும் சத்தத்தைக் கேட்டே, தபால் வருகிறது என்று நாய்கள் எழுந்து நிற்கும்.

மாவட்டத்தில் இப்படிப் பதினோரு இதயங்கள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மாவட்டக் குழு வந்து பார்த்து, சிறந்த இதயத்துக்குப் பித்தளைப் பட்டயம் தரும். ஆறு வருடமாக அந்தப் பட்டயம் வேறு ஊருக்குப் போனதில்லை. ஆறும் இதயத்தின் அடிப்பீடத்தில் வரிசையாகத் திருகப்பட்டிருந்தன. செனோன் தினமும் வேலைக்குப் போகும் வழியில் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் போவார்.

இந்த வருடம்தான் வினை வந்தது. பாட்டில் செய்கிறவர்கள் மூடியைக் கழுத்தோடு ஒரு வாலால் கட்டிவிட்டார்கள். திறந்தாலும் கழன்று வராது. குடிக்கும்போது மூக்கில் இடிக்கும். போதாக்குறைக்கு, காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் பாட்டிலுக்குக் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்றும் ஆகிவிட்டது. ஜனங்கள் பாட்டிலை மூடியோடு கொண்டுபோய் அங்கே போட்டுவிட்டு, இதயத்தைப் பார்த்துத் தொப்பியை மட்டும் தூக்கிவிட்டுப் போனார்கள்.

"இன்னும் ரெண்டு ஞாயிறுதான் இருக்கு, லூத்சினா. ரெண்டாவது ஞாயிறு மத்தியானம் குழு வருது."

"வரட்டும். செர்ரி கொடுப்போம்."

அப்போது செனோனின் போன் அடித்தது. பக்கத்து ஊரான துபோவோவிலிருந்து லூத்சினாவின் அண்ணன் ஃபெலிக்ஸ். துபோவோ இதயத்துக்கு அவன்தான் பொறுப்பு. அங்கே ஏரி இருக்கிறது. ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கும் கூட்டம் நாள் முழுக்கத் தண்ணீராகக் குடித்துத் தள்ளும். கையில் கத்திரியோடு ஃபெலிக்ஸ் கூடாரம் கூடாரமாகப் போவதாகக் கேள்வி.

"மாப்ள! எங்க இதயத்துக்குக் கழுத்து மட்டும் வந்துடுச்சு. உங்களோடது எப்படி?"

"நெரம்பிட்டே இருக்கு மச்சான்" என்றார் செனோன்.

"அப்படியா! நேத்து அந்தப் பக்கமா வண்டியில போனேன். இதயத்துக்கு உள்ளார ஒரு பூனை படுத்துத் தூங்கிட்டு இருந்துச்சு. நல்ல விசாலமா இருக்கு போல."

செனோன் போனை அணைத்தார். லூத்சினா செர்ரிக் கொட்டையைத் துப்பிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். சிரிக்கிறாள் என்பது தோளைப் பார்த்தால் தெரிந்தது.

மறுநாளே தேவாலய வாசலிலும் கடை வாசலிலும் அறிவிப்பு ஒட்டினார் செனோன்: 'லிப்னிட்சா மக்களே! வால் இருந்தால் என்ன? பிய்த்தெடுங்கள்! இதயத்தில் போடுங்கள்!'

எங்கள் ஊர் ஜனங்களுக்குச் செனோன் மேல் மரியாதை உண்டு. பிய்த்தார்கள். கத்திரி இருந்தவர்கள் கத்திரியால், இல்லாதவர்கள் பல்லால். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பாடும் நிகோதெம் முன்பல்லில் பாதியை மூடியோடு சேர்த்து இதயத்துக்கே காணிக்கையாக்கினார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பாதிரியார் செனோனைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் ஊரில் மரியாதையாக அழைக்க ஆணுக்கு 'பான்', பெண்ணுக்கு 'பானி'.

"பான் செனோன், இன்னைக்கு நிகோதெம் பாடினதக் கேட்டீங்களா?"

"கேட்டேன் ஃபாதர்."

"பாட்டு பாதி, விசில் பாதி. முன்வரிசையில ரெண்டு பேரோட நாய் வாசல்ல இருந்து உள்ளயே வந்துடுச்சு. அந்த அறிவிப்பைக் கழட்டிடுங்க."

கழற்றினார். அதற்குள் வேறு சங்கடம். பிய்த்த மூடியெல்லாம் வாலோடு வந்திருந்தன. ஒன்றின் வால் இன்னொன்றில் மாட்டி, அது மூன்றாவதில் மாட்டி, இதயத்தின் வாயிலேயே ஒரு பந்தாகத் திரண்டு அடைத்துக்கொண்டது. அடியில் வெற்றிடம், மேலே அடைப்பு. மூடி போட வந்தவர்கள் 'நிரம்பிவிட்டது' என்று நினைத்து வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனார்கள். செனோன் அடுப்புக் கிளறும் கம்பியைக் கொண்டுவந்து குத்திக் குத்திப் பந்தைக் கலைத்தார். எல்லாம் பொலபொலவென்று அடியில் விழுந்தபோது உயரம் மறுபடி கோழி முழங்காலுக்கே வந்து நின்றது.

"பல்லால பிய்க்க விட்டதுதான் தப்பு. நானே வெட்டித் தரேன்" என்றார் செனோன்.

"வேண்டாம் செனோன். உன் கை ஆப்பிள் கிளை வெட்டற கை" என்றாள் லூத்சினா.

கேட்கவில்லை. ஆப்பிள் கிளை வெட்டும் கத்திரியை எடுத்துக்கொண்டு பானி தெக்லாவின் கடைக்குப் போனார். கடைக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் பாட்டில் வாங்கும் இயந்திரம். அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பாட்டிலை வாங்கி, மூடியை நறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். வெல்டரின் கை. கழுத்தைப் பிடித்து நறுக்கும்போதே பாட்டிலின் வயிறு ஒட்டிவிடும். நசுங்கிய பாட்டிலை அந்த இயந்திரம் ஏற்காது. உள்ளே இழுக்கும், ஒரு சுற்று சுற்றிப் பார்க்கும், வெளியே தள்ளிவிடும்.

கால் மணியில் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. ஒருவர் நசுங்கிய பாட்டிலுக்குள் வாயால் ஊதிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அதே பாட்டிலை ஆறாவது முறையாக இயந்திரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அது ஆறாவது முறையாக வெளியே தள்ளியது.

பானி தெக்லா கல்லாவை விட்டு எழுந்து வந்தாள்.

"பான் செனோன், என்ன பண்றீங்க?"

"ஊருக்கு நல்லது பண்றேன் பானி தெக்லா."

"என் கடையில பண்ணாதீங்க. இந்த மிஷின் வந்து எட்டு மாசமாச்சு, ஒரு நாள் நின்னதில்ல. இப்பப் பாருங்க, செவப்பு வெளக்கு எரியுது. இதுக்கு முன்னாடி நான் அத எரியப் பார்த்ததே இல்ல. எரியும்னே தெரியாது!"

"நாலு நாள் பொறுத்துக்கோங்க. கோர்னேலியாவுக்காக..."

"கோர்னேலியா பேரச் சொல்லாதீங்க. அவளும் வரிசையிலதான் நிக்கிறா, நசுங்கின பாட்டிலோட."

செனோன் திரும்பிப் பார்த்தார். வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோர்னேலியா மடியிலிருந்த பாட்டிலை எடுத்து ஆட்டிக் காட்டினாள்.

"பரவால்ல பான் செனோன். நாற்காலி இருக்கறதால எனக்கு நின்னு கால் வலிக்காது" என்றாள்.

அன்று மாலையே இயந்திரத்துக்கு மேல் பானி தெக்லா பெரிய எழுத்தில் பலகை மாட்டினாள்: 'இங்கே பாட்டில் மூடியில் யாரும் கை வைக்கக் கூடாது. மூடியோடு போடவும்.' அதற்குக் கீழே, பேனாவால்: 'செனோனும் கூடாது.'

ஊர் அதற்கும் கட்டுப்பட்டது. செனோன் மேல் மரியாதை உண்டுதான். ஆனால் ரொட்டி பானி தெக்லாவிடம்தான் வாங்க வேண்டும்.

அந்த வாரம் வியாழக்கிழமை செனோனின் பெயர் நாள். பிறந்த நாளை நாங்கள் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. வயதாகிறது என்பதை வருடா வருடம் யார் நினைவுபடுத்திக்கொள்வது? நம் பெயருள்ள புனிதரின் நாளான பெயர் நாள்தான் விசேஷம். யாரையும் அழைக்க வேண்டாம், தெரிந்தவர்கள் எல்லோரும் பூவும் கேக்குமாக வந்து நிற்பார்கள். வந்தவர்களுக்கு வோட்கா ஊற்றி, ஹெர்ரிங் மீனும் ஊறிய வெள்ளரிக்காயும் வைக்க வேண்டும்.

செனோன் அன்று காலை நூற்றைம்பது சின்ன பாட்டில் தண்ணீர் வாங்கிவந்து அடுக்கினார்.

லூத்சினா அடுக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "வோட்கா எங்க?"

"வோட்கா பாட்டில் மூடி தகரம். இதயத்துக்கு ஆகாது."

"செனோன், உன் பேர் நாளைக்கு வர்றவங்களுக்குத் தண்ணி ஊத்தப் போறியா? நாளைக்கு நான் தெருவுல எப்படி நடக்கறது?"

"ஆளுக்கு மூணு பாட்டில். அம்பது பேர் வந்தா நூத்தைம்பது மூடி. கணக்குச் சரியா இருக்கு."

கணக்கு மட்டும்தான் சரியாக இருந்தது. முதலில் வந்த நான்கு பேர் மேசையில் தண்ணீர் பாட்டில்கள் அணிவகுத்து நிற்பதைப் பார்த்து, செனோனின் முகத்தைப் பார்த்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

"எத்தன நாளா பான் செனோன்?" என்று பட்டறை மேஸ்திரி காதோரம் குனிந்து கேட்டார்.

"என்னது எத்தன நாளா?"

"டாக்டர் என்ன சொல்றாரு? கல்லீரலா?"

"ஐயோ, ஒண்ணுமில்ல, குடிங்க, மூடிய மட்டும் இங்க போடுங்க..."

"மனச விடாதீங்க" என்று மேஸ்திரி அவர் தோளை அழுத்தினார்.

அரை மணியில் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அடுத்து வந்தவர்கள் உள்ளே வரவே கூச்சப்பட்டு, வாசலிலேயே பூவைக் கொடுத்து, லூத்சினாவின் கையைப் பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிர் வீட்டுக்குப் போய்ச் செனோனின் நலத்துக்காகக் குடித்தார்கள். அங்கே வோட்கா இருந்தது. மொத்தம் சேர்ந்த மூடி இருபத்திமூன்று.

கடைசியாக ஃபெலிக்ஸ் வந்தான். கையில் நாடா கட்டிய பரிசுப் பெட்டி.

"மாப்ள, நல்லா இருக்கணும்! உனக்கு என்ன வேணும்னு யோசிச்சு யோசிச்சு வாங்கினேன்."

செனோன் திறந்தார். பஞ்சு மெத்தையின் நடுவே ஒரே ஒரு சிவப்பு மூடி.

"உங்க இதயத்துல போடு மாப்ள. அந்தப் பூனைக்கு வெளையாட ஆச்சு."

எதிர் வீட்டு ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. செனோனுக்குக் காது மடல் வரை சூடேறியது. முப்பத்திநான்கு வருடம் பட்டறையில் வேலை செய்தவர், அவர் பற்றவைத்த இடம் ஒன்றுகூட இதுவரை விட்டதில்லை என்று பெயர் எடுத்தவர். இந்த ஊரில் அவரைப் பார்த்து யாரும் இப்படிச் சிரித்ததில்லை.

"கேட்டுக்கோ மச்சான்! ஞாயிறு மத்தியானம் வந்து பாரு. என் இதயம் நெரம்பி வழியும். வழியலேன்னா, அந்த ஆறு பட்டயத்தையும் நானே கழட்டி உன் இதயத்துல மாட்டறேன்!"

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்று ஃபெலிக்ஸ் ஜன்னல்களைப் பார்த்துக் கேட்டான்.

கேட்டோம் என்று ஜன்னல்கள் தலையாட்டின.

வெள்ளிக்கிழமை காலை நலம் விசாரிக்கப் பாதிரியார் வந்து போனார். அவர் போனதும் செனோன் பட்டறைக்கு ஓடினார். வரும்போது தோளில் ஒரு பழைய டிராக்டர் ட்யூப். அந்த ட்யூபை இதயத்தின் நடுவே செருகிக் காற்றடித்தார். அது ஊதி ஊதி மார்பளவுக்கு எழுந்து நின்றது. சேர்ந்திருந்த மூடிகளையெல்லாம் அதைச் சுற்றியும் மேலேயும் பரப்பினார். வெளியிலிருந்து பார்த்தால் கம்பி வலை முழுக்க மூடி. சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை. இதயம் பிதுங்கிக்கொண்டு நின்றது.

சதுக்கத்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "பான் செனோன், சாதிச்சுட்டீங்களே! அந்த உடம்போட!" என்றார் ஒருவர். செனோன் சிரித்துவைத்தார். ஆனால் அன்று பட்டயங்களைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவர், துடைக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டார். ஆறு வருடத்தில் முதல் தடவை.

சனிக்கிழமை வெயில் தலையைப் பிளந்தது. சந்தை நாள். சதுக்கம் முழுக்க ஸ்ட்ராபெர்ரியும் முட்டைக்கோஸும் விற்பவர்கள். இரும்பு காய்ந்தது, ட்யூபுக்குள் காற்றும் காய்ந்தது. பகல் பன்னிரண்டுக்கு, தேவாலய மணி அடித்து முடிந்த அந்த அமைதியில், இதயம் வெடித்தது.

தந்திக் கம்பத்து நாரைகள் கூட்டை விட்டுப் பறந்தன. மூடி அள்ளுவதற்கு வைத்திருந்த கதவு பிய்த்துக்கொண்டு திறக்க, மூடிகள் ஆலங்கட்டி மழையாகச் சந்தை மீது பொழிந்தன. தயிர்ச் சட்டியில் விழுந்தன, தொப்பியில் விழுந்தன, முட்டைக்காரம்மாவின் முட்டைகளோடு பேச்சுவார்த்தை நடத்தின. எல்லாம் அடங்கியபோது இதயத்தின் நடுவில் கறுப்பு ரப்பர்க் கந்தல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க அதைப் பார்த்தது. பிறகு செனோனைப் பார்த்தது.

கோர்னேலியாதான் மடியில் விழுந்த மூடிகளைப் பொறுக்கிக்கொண்டே நாற்காலியை உருட்டி வந்து கந்தலைத் தொட்டுப் பார்த்தாள்.

"பான் செனோன், இந்த ட்யூப் என் நாற்காலிக்குச் சேராது" என்றாள்.

செனோன் வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவர் மறுநாள் காலை வரை எழவில்லை. செத்தால் தேவலை என்று இருந்தது. ஏற்கெனவே பாதி ஊர் அதற்குத் தயாராகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை மெல்ல சதுக்கத்துக்கு வந்தார். கீழே கிடப்பவற்றையாவது அள்ளி இதயத்தில் போடலாம், முழங்கால் உயரத்துக்காவது நிற்கும் என்ற எண்ணம். சதுக்கம் துடைத்து விட்டதுபோல் இருந்தது. இதயத்துக்குள் ஒரு மூடிகூட இல்லை. அடித்தகடு பளபளத்தது.

லூத்சினா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துடைப்பம்.

"மூடியெல்லாம் எங்க?"

"அள்ளிட்டேன். நாலு மூட்டை."

"நாலு மூட்டை எங்க?"

"தீயணைப்பு வண்டியில போட்டு துபோவோவுக்கு அனுப்பிட்டேன். அண்ணனோட இதயத்துல போட்டாச்சு. இப்ப அது விளிம்பு வரைக்கும் நெரம்பிடுச்சாம்."

"என் மூடிய... அவன் இதயத்துல... இன்னைக்கு... லூத்சினா, நீ யாரோட பொண்டாட்டி?"

"உன் பொண்டாட்டிதான். அதனாலதான் அனுப்பினேன். லாரி நெரம்பின இதயத்துக்குத்தான் வரும். இங்க இருந்தா இந்த மூடி கிறிஸ்துமஸ் வரைக்கும் கெடக்கும். அங்க போனா திங்கக்கிழமை லாரியில ஏறும், எந்த ஊர் மூடியா இருந்தாலும் மாவட்டத்துல அடுத்த முறை கோர்னேலியாவோடதுதான், அவளுக்கு இந்த மாசமே நாற்காலி வரும். உனக்குப் பித்தளைத் தகடு வேணும், அவளுக்கு நாற்காலி வேணும். எது முதல்ல, நீயே சொல்லு."

செனோன் வீட்டுக்குப் போய் வாளித் தண்ணீரும் சோப்பும் எடுத்துவந்து அதை உச்சியிலிருந்து அடிவரை கழுவினார். வளைந்த கதவைத் தட்டி நேராக்கினார். ரப்பர்த் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தார். ஆறு பட்டயங்களையும் தேய்த்தார். அதன் பிறகு கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு வந்து, காலி இதயத்தின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். தோற்கப் போகிறார், அது தெரியும். ஆனால் இரண்டு நாளாக நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தது இப்போது இல்லை. தேவாலயத்திலிருந்து வெளியே வந்த ஊர் அவரைப் பார்த்தது. சிரிக்க நினைத்தவர்களும் சிரிக்கவில்லை. லூத்சினா அருகில் வந்து அவர் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். எங்கள் எல்லோருக்குமே அந்த மனிதரைப் பார்க்க அன்று பெருமையாகத்தான் இருந்தது.

பன்னிரண்டரைக்கு மாவட்டக் குழுவின் வண்டி வந்தது. கடைசியாகப் பார்த்துவிட்டு வந்தது துபோவோவை. பின்னாலேயே தன் வண்டியில் ஃபெலிக்ஸ். இறங்கினான், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு மரத்தடியில் போய் நின்றான்.

"ஜெயிச்சவன் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வர்றான் பாரு" என்று செனோன் பல்லைக் கடித்தார். "என் மேல எரக்கமாம்!"

குழுத் தலைவி பானி ஷூம்ஸ்கா ஒல்லியாக, கண்ணாடி போட்டு, சிரிப்பு என்பதையே ஆபீஸில் வைத்துவிட்டு வந்தவர்போல் இருந்தார். இதயத்தின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

"போன வருஷம் இதுல எவ்வளவு இருந்துச்சு?" என்று உள்ளிருந்தே கேட்டார்.

"வாய் வரைக்கும்" என்றார் செனோன்.

"இப்ப?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணு கூடவா இல்ல?"

"பார்த்தாத் தெரியுதே பானி, ஒண்ணு கூட இல்ல."

தலையை வெளியே எடுத்துக் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். கூட வந்த இருவரும் எட்டிப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்த ஊர்ல பாட்டில் வாங்கற மிஷின் எங்க இருக்கு?"

அந்தக் கடைக்குப் போனால் செனோனுக்கு மிச்சம் இருக்கும் மானமும் கப்பலேறிவிடும். ஆனால் ஊரே கையை நீட்டிக் காட்டிவிட்டது. பானி தெக்லாவின் கடை ஞாயிறும் திறந்திருக்கும், கல்லாவில் அவளே உட்காருவாள். குழு உள்ளே போனது. இயந்திரத்தின் பின்கதவைத் திறக்கச் சொன்னார் தலைவி. பெரிய பை நிறைய பாட்டில்கள். ஒன்று விடாமல் எல்லாவற்றின் கழுத்திலும் மூடி.

"எல்லாத்துலயும் மூடி இருக்கே?" என்றார் தலைவி.

"இருக்கத்தானே செய்யும்!" என்றாள் பானி தெக்லா நெஞ்சை நிமிர்த்தி. "என் கடையில மூடியில ஒருத்தனும் கை வைக்க முடியாது. பலகையே போட்டிருக்கேன் பாருங்க."

தலைவி பலகையைப் படித்தார். பேனாவால் எழுதியிருந்ததையும் படித்தார். செனோனை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி எழுதினார்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. சதுக்கத்துக்குத் திரும்பியதும் செனோன் அவர்கள் முன்னால் போய் நின்றார்.

"பானி, நான் ஒண்ணு சொல்லணும். இது என் கையால வளைச்சு, என் கையால பத்தவெச்ச இதயம். ஏழு பேர் இதால நாற்காலியில ஊர் சுத்தறாங்க, எட்டாவது ஆளுக்கும் இந்த மாசம் வந்துடும். இன்னைக்கு இது காலியா இருக்கு. என்னால நெரப்ப முடியல. இருந்தாலும் இது பக்கத்துல நிக்க எனக்கு வெட்கம் இல்ல. எழுதிக்கோங்க. லிப்னிட்சா, காலி."

"எழுதிட்டேன் பான் செனோன்" என்றார் பானி ஷூம்ஸ்கா. கைகொடுத்துவிட்டு, கூட வந்தவர்களோடு வண்டிப் பக்கம் நடந்தார்.

அவ்வளவுதான். செனோன் மரத்தடியைப் பார்த்தார்.

"வா மச்சான். சொன்ன சொல் சொன்னதுதான்."

ஃபெலிக்ஸ் நகரவில்லை. "வேணாம் மாப்ள, விடு" என்று முனகினான்.

"எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம்" என்று செனோன் கோட்டோடு மண்டியிட்டு, முதல் பட்டயத்தின் முதல் திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பினார். லூத்சினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது குழுவின் வண்டியோட்டி, செய்தித்தாளில் சுற்றிய எதையோ அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து குந்தினான்.

"கழட்டறத விட்டுட்டு அந்த ஸ்க்ரூ டிரைவர இப்படிக் குடுங்க பான் செனோன், ஏழாவத எங்க மாட்டணும்னு சொல்லுங்க: இந்த வருஷம் பட்டயம் மூடியப் பிய்க்காம பாட்டிலோடவே திருப்பிக் குடுக்கற ஊருக்காம், பதினோரு ஊர்லயும் காலியா இருந்தது உங்க இதயம் ஒண்ணுதான், விளிம்பு வரைக்கும் நெரப்பி வெச்சதுக்கு உங்க மச்சான எங்க தலைவியம்மா அரை மணி நேரம் நிக்க வெச்சுத் திட்டிட்டு வர்றாங்க!"